மொத்தம் 213 சொற்கள்

என் மொழியை வாயால் பேச முடியாது.
ஒலியே வைக்கவில்லை அதற்கு.
மின்தூக்கி பழுதுபார்ப்பவனுக்கு
நாள் முழுக்க ஒலிதான்,
இன்னும் எதற்கு.

பென்சிலால் வரைவேன்.
தோ பாயோவில், இருபத்தைந்தாம் மாடிக்கும் மேலே,
அபாயம் என்று நான்கு மொழியில் சொல்லும் கதவுக்குப் பின்னால்,
கிரீஸ் வாடை அடிக்கும் இயந்திர அறைச் சுவரில்,
குறிப்பேடு தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில்.

பாதி திறந்த கதவு: வீடு.
முழுதாய்த் திறந்த கதவு: விருந்தாளி, அல்லது போலீஸ்.
நடைவழியில் விரித்துக் காயவைத்த குடை: மழை விட்டுவிட்டது.
மழைக்கே இன்னும் சொல் இல்லை.
பெய்யும்போது மேலே போக விடமாட்டார்கள்.

விரலில் தொங்கும் கோப்பிப் பை: காத்திருத்தல்.
மேலம்பு நாளை, கீழம்பு நேற்று,
இரண்டும் சேர்ந்து எரிந்தால் சம்பளத் தேதி.
மேசைமேல் டிஷ்யூ பொட்டலம்: என்னுடையது.
அதன்மேல் குறுக்கே ஒரு கோடு: என்னுடையதாக இருந்தது.
(சுமித்ராவை ஒருமுறை அப்படி எழுதினேன்.
இலக்கணப்படி சரி.
அன்றே அழித்துவிட்டேன்.)

தமிழிலிருந்து எடுத்தது ஒன்றே ஒன்று:
ஃ
தனிநிலை என்பார் தமிழாசிரியர்.
எனக்கு அது மூன்று ஆட்கள்,
ஒரே மின்தூக்கிக்குள்,
யாரையும் பார்க்காமல்
மாடி எண்ணைப் பார்த்து நிற்பவர்கள்.
அந்நியர் என்று பொருள்.

நான் என்பதற்கு ஒரு புள்ளி.
நாம், நாங்கள், எதையும் வைக்கவில்லை.
பேசுகிற ஆள் ஒருவனே என்றால்
ஒரு புள்ளி தாராளம்.

ஆகஸ்டில், வீவக சன்னல்களில்
கொடிகளை இன்னும் கழற்றாத வாரம்,
எழுதியிருந்தேன்:
ஃ, கோப்பிப் பை, கீழம்பு.
பதினொன்றாம் மாடியில் நாற்பது நிமிடம்
மாட்டிக்கொண்ட மூவரைப் பற்றி.

அடுத்த முறை போனால் அதனடியில்
நீல மையில்,
ஃ, பாதி திறந்த கதவு,
பிறகு ஒன்று.
சிறு வட்டம், கீழே ஒரு கோடு,
கோட்டின் வலமுனை மட்டும் லேசாய் வளைந்து.

கோபம்தான் வந்தது முதலில்.
சுவரில் கிறுக்கியது யார் என்று
மேலதிகாரி கேட்கிற அதே குரலில்
எனக்குள் கேட்டேன்.
இரவுப் பணியில் மூவர்: ருசைனி, பூன் ஹாக்,
புதிதாய்ச் சேர்ந்த மோ தந்தா.
கேட்கவில்லை யாரிடமும்.
எந்த மொழியில் கேட்பது?

மீன் உருண்டையா?
தலையணைமேல் தலையா?
வட்டத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறாரா எவரோ?
குறிப்பேட்டில் 214 என்று எண் போட்டேன்.
படத்தை வரைந்தேன்.
பொருளுக்கான இடத்தை விட்டுவைத்தேன்.
அகராதி எழுதுகிறவன் கை
அப்படி நின்றது அதுவே முதல் தடவை.

பத்து நாள் பொறுத்து
துணிந்து ஒரு வாக்கியம்:
புள்ளி, 214, மேலம்பு.
நாளை நான் அதைச் செய்வேன்,
அல்லது அதைத் தின்பேன், அல்லது அதுவாக இருப்பேன்.
பொருள் தெரியாமல் ஒரு சொல்லை எழுதியது
உயர்நிலை ஒன்றில் கட்டுரைக்கு நடுவே
‘அளப்பரிய’ என்று போட்ட பிறகு
இப்போதுதான்.

நேற்றுப் போனேன்.
பிரேக் பார்த்தேன், கயிறு பார்த்தேன்,
மோட்டாரின் சூட்டைப் புறங்கையால் பார்த்தேன்.
சுவரைக் கடைசியாகத்தான்.

பதில் இல்லை.
என் வாக்கியம் மட்டும்.
ஆனால் கோட்டின் வளைவை
நீல மையில் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தது ஒரு கை,
பிள்ளையின் எழுத்தைத் திருத்துவதுபோல.
தொடக்கத்தில்
என் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி.

இரண்டு புள்ளி என் அகராதியில் கிடையாது.

குறிப்பேட்டைக் கீழே வேனில் விட்டிருந்தேன்.
இருபத்தைந்து மாடி இறங்கினேன்.
ஒன்பதில் ஒரு பெண்ணும்
ஏழில் சைக்கிளோடு ஒரு பையனும் ஏறினார்கள்.
எண்களைப் பார்க்கவில்லை நான்.